உலைக்குக் குங்குமம் வைத்தவர்கள்

1

சர் போன் செய்தபோது நான் எங்கள் குடியிருப்பின் வாசலில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். புனேயின் கோந்த்வாவில் வீடு வாங்கியவர்களுக்கு இது தினசரி வழிபாடு. லாரி முழுதாக வந்ததா, பாதி வழியில் வேறு எங்காவது இறக்கிவிட்டு வந்ததா என்று நான் இந்தியில் கேட்பேன். அவர் மராட்டியில் பதில் சொல்வார். இருவரும் பேச்சில் சரிசமமாகத் தோற்போம்.

"செல்வராணி, நவமி அன்று நீ கட்டாயம் வர வேண்டும்" என்றார் சர். "மேடையில் உன் மாங்கனீசைப் பற்றிப் பேசப்போகிறேன்."

நான் லாரியை மறந்துவிட்டேன்.

சர் எங்கள் ஆய்வகத்தின் முன்னாள் தலைவர். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன். ஆய்வகத்துக்குப் புது உலை ஒன்று வந்திருந்தது. கண்டே நவமி அன்று, அதாவது நம் ஊர் ஆயுத பூஜை நாளில், அதற்குப் பூஜை. அதே மேடையில் சருக்குச் சால்வையும் தேங்காயும் கொடுத்துப் பாராட்டு. புனேயில் யாரையும் சால்வை போர்த்தாமல் விட மாட்டார்கள். இரண்டு முறை போர்த்தப்பட்டவர்களும் உண்டு.

போனை வைத்த பிறகுதான் அவர் சொன்ன ஒரு சொல் உறைத்தது. "உன் மாங்கனீசு" என்றார். இத்தனை வருடங்களில் அவர் என்னிடம் 'உன்' என்று சொன்னது குங்குமத்துக்கு மட்டும்தான். "உன் குங்குமம்." அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். அதைச் சரியாகச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்கத்தான் நான் இந்த ஊரில் பாதி ஆயுளாகக் காத்திருக்கிறேன். 'அது அழுக்கு இல்லை, செல்வராணி சொன்னதுதான் சரி.' இவ்வளவுதான் வாக்கியம். மராட்டியில் சொன்னால் இன்னும் சிறியது.

2

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா வாரம் தவறாமல் போனில் கேட்பாள்: "ஏட்டி, அந்த இரும்ப வச்சுக்கிட்டு அப்பிடி என்னதாம்ட்டி பண்ணுதே?"

"சொல்லுதேங்க்கா" என்று ஆரம்பிப்பேன். அவள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவளுக்குச் சொல்ல நினைத்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கம்பியில் மின்சாரம் போகும்போது கொஞ்சம் வழியிலேயே வீணாகிறது. கம்பி சூடாவது அதனால்தான். சில பொருள்களை மிகவும் குளிர வைத்தால் ஒரு கட்டத்தில் அந்த வீணாவது அடியோடு நின்றுவிடும். அவற்றுக்கு மீக்கடத்திகள் என்று பெயர். அங்கே எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து போகின்றன. காந்தக் குணமுள்ள அணு ஒன்று உள்ளே புகுந்தால் ஜோடி பிரிந்துவிடும், வித்தை முடிந்துவிடும். அதனால் இந்தத் துறையில் இரும்பு என்றாலே தீட்டு. எங்கள் தலைமுறையை அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

பிறகு ஒரு நாள், இரும்பையே உடம்பாகக் கொண்ட ஒரு சேர்மம் மீக்கடத்தியாகிறது என்று ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. உலகம் முழுக்க எல்லோரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு இரும்பின் பின்னால் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். இரும்பும் ஆர்சனிக்கும் லாந்தனமும் வைத்து, குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, காற்றை உறிஞ்சி, குழாயின் வாயை நெருப்பால் மூடி, நாள்கணக்கில் உலையில் வேக வைப்போம். சமையல்தான். ருசி பார்க்க முடியாது, ஆர்சனிக் ஆளைக் கொன்றுவிடும்.

அதில் என் பங்கு, மாசு கலப்பது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் கோபால்ட்டை வைத்தால் என்ன ஆகும், நிக்கலை வைத்தால் என்ன ஆகும், மாங்கனீசை வைத்தால் என்ன ஆகும்? எவ்வளவு கலந்தால் மீக்கடத்தும் தன்மை சாகிறது என்று பார்க்க வேண்டும். கோபால்ட் சாது. நிறையக் கலந்த பிறகுதான் வேலையைக் காட்டும். மாங்கனீசு வேறு ரகம். ஆயிரம் இரும்பு அணுக்களுக்கு நடுவே இரண்டு மாங்கனீசு அணுக்கள், அவ்வளவுதான் வைத்தேன். குளிர வைத்தேன். திரையில் வழக்கமாகத் தரை தட்டும் மின்தடைக் கோடு இறங்கவே இல்லை. குளிர் கூடக் கூட மேலே ஏறியது. மீக்கடத்தி முழுதாகச் செத்துப்போயிருந்தது.

மறுபடி செய்தேன். இந்த முறை மாங்கனீசு கலந்த மாதிரியையும் கலக்காத மாதிரியையும் ஒரே உலையில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் வைத்து வேக வைத்தேன். கலக்காதது ஒழுங்காக மீக்கடத்தியானது. கலந்தது மறுபடி செத்தது. அன்று கேன்டீனில் எனக்கு நானே இரண்டு கட்டிங் சாய், அரை அரை கிளாஸ் டீ, வாங்கிக் குடித்தேன்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் ஒருமுறை என்னைப் பேச அழைத்து, "அயல் மண்ணில் வாழும் நாம் ஒவ்வொருவரும் ஒரு மாங்கனீசு அணு" என்று என் பேச்சை முடித்துவைத்தார். கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாங்கனீசு போன இடத்தையே தலைகீழாக்கிவிடும். என்னால் இத்தனை வருடங்களில் எங்கள் கேன்டீன் சாம்பாரில் சர்க்கரை போடுவதைக்கூட நிறுத்த முடியவில்லை.

3

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, வாழைத்தார் ஏல நோட்டீஸ், எங்கள் சபையின் மாதப் பத்திரிகை எல்லாம் அங்கே அச்சாகும். நாங்கள் கிறிஸ்தவர்கள். வேலை பார்த்தவர்கள் இந்துக்கள். ஆயுத பூஜை அன்று அப்பா சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே அவர்கள் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, பூச் சாத்தி, எங்களுக்கும் பொரிகடலை தருவார்கள். அப்பா வாங்கிக்கொள்வார், எங்களையும் தின்னச் சொல்வார். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்தப் பொட்டுகளைத் துடைப்பார். அதில் ஒரு வருத்தமும் கிடையாது. குங்குமம் மையில் கலந்தால் அச்சு கெட்டுவிடும், அவ்வளவுதான். பூஜை நேற்றோடு முடிந்தது, இயந்திரத்துக்கு இன்று வேலை இருக்கிறது என்பார்.

புனேக்கு வந்த முதல் நவமியிலேயே நானும் அதைத்தான் செய்தேன். பூஜைக்கு முன்னால் உலையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பேன். மாணவர்கள் மஞ்சளும் குங்குமமும் வைப்பார்கள், ஜெண்டுப் பூ, அதாவது செண்டுமல்லி மாலை போடுவார்கள். பேடா தருவார்கள், தின்பேன். மறுநாள் காலையில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை.

மாங்கனீசு முடிவுகளோடு நான் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றது நவமி முடிந்த சில வாரங்களுக்குள். படங்களைக் காட்டினேன். சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

"ஆயிரத்தில் இரண்டு" என்றார். "இதற்கு ஒரு மீக்கடத்தி சாகுமா? செல்வராணி, இது கச்ரா. உலையில் அழுக்கு."

"பக்கத்திலேயே வைத்த இன்னொரு மாதிரி சாகவில்லை, சர். ஒரே உலை, ஒரே நாள்."

"நவமிக்கு நீ வைத்தாயே, உன் குங்குமம், அது உள்ளே போயிருக்கும்" என்றார். "நீங்கள் தமிழர்கள், எதற்கும் அப்பி அப்பி வைப்பவர்கள். அது ஒன்றைப் பிடித்தது, ஒன்றை விட்டுவிட்டது. நாம் இதற்குக் குங்குமம் எஃபெக்ட் என்று பெயர் வைக்கலாம்."

அறை முழுக்கச் சிரித்தது. நல்ல நகைச்சுவைதான். குழாயின் வாயை நெருப்பால் மூடிய பிறகு உலகத்துக் குங்குமம் முழுவதையும் வெளியே கொட்டினாலும் ஒரு துகள்கூட உள்ளே போகாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், சருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தார்கள்.

அன்றைக்கே அவரிடம் நீ சொல்லியிருக்கலாமே என்று, இந்தக் கேலியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்ட அக்கா இன்றும் கேட்கிறாள். "நாமதான் பொட்டே வைக்க மாட்டோமேட்டி, அதச் சொல்லியிருக்கலாம்லா?" நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்லவில்லை. 'நான் வைக்கவில்லை' என்று சொன்னால் வேறு யாரோ வைத்தார்கள் என்றாகும். பேச்சு யார் வைத்தது என்ற பக்கம் போய்விடும். உலைக்குள் குங்குமம் போனது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கே பேச வேண்டியது என் மதத்தைப் பற்றி இல்லை, மாங்கனீசைப் பற்றி. "மறுபடி அளந்து பாருங்கள், சர்" என்று மட்டும் சொன்னேன்.

மறுபடி அளக்கவிடவில்லை. மாதிரியைக் குளிர வைக்கும் திரவ ஹீலியம் தட்டுப்பாடு என்று என் முறை தள்ளிப்போனது. அடுத்த மாதமும் தள்ளிப்போனது. விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்று இருந்த கட்டத்தில் விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது. விளக்கி எழுதினேன், கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது என்று திரும்பி வந்தது. ஹீலியம் கோபால்ட்டுக்குப் போதுமானதாக இருந்தது, நிக்கலுக்கும் இருந்தது. தாழ்வாரத்தில் என்னைப் பார்க்கும் மாணவர்கள் "மேடம், குங்குமம் எஃபெக்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்றின் கட்டுரை வந்தது. அதே சேர்மம், அதே மாங்கனீசு, அதே அளவு, அதே முடிவு. சர் அதை அச்செடுத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பார், செல்வராணி. நாம்கூட இந்த மாதிரி ஏதோ பார்த்தோம் இல்லையா?"

நாம். ஏதோ. இந்த இரண்டு சொற்களையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

4

இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவருக்கு நான் கிறிஸ்தவள் என்று தெரியாமலா இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். என் பெயர் அப்படி. அப்பா பெயர் தவமணி, என் பெயர் செல்வராணி. இரண்டும் சுத்தத் தமிழ், எங்கள் பக்கத்துச் சபைகளில் இப்படித்தான் வைப்பார்கள். இங்கே அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். இல்லை, இனிஷியல்தான் என்றேன். இனிஷியலுக்குக் கட்டம் இல்லை என்றார்கள். அப்பாவின் பெயரை அங்கே போட்டேன். அன்றிலிருந்து கேன்டீனிலும் கணக்குப் பிரிவிலும் நான் தவமணி மேடம். என் அப்பாவை இங்கே அன்றாடம் 'மேடம்' என்று கூப்பிடுகிறார்கள். எதிர்த்துக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் லீவு போடுவதைச் சர் பார்த்திருப்பார். எல்லோரும் கோவாவுக்குப் போகிற சமயம், அவளும் போகிறாள் என்று நினைத்திருப்பார். தன் சாதிக்காரர்களின் குலதெய்வம் வரை விசாரித்துத் தெரிந்துகொள்கிற மனிதர், என்னைப் பற்றி விசாரிக்கவே இல்லை. தெற்கு என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

என் மகள் ஜெனி இந்த ஊர்ப் பிள்ளை. கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தோழியோடு தங்கியிருக்கிறாள். வாரக் கடைசியில் துணி துவைக்கவும் மீன் குழம்பு சாப்பிடவும் வருவாள். தமிழ் பேசுவாள், தயங்கித் தயங்கி. எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அது பேருந்தின் பலகை அளவுக்குத்தான். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாங்கனீசு என்பது அம்மா சாப்பாட்டு மேஜையில் கோபப்படும்போது வருகிற ஒரு சொல். அவளும் அவளுடைய அப்பாவும் அது வரும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தார். இப்போது அவர் இல்லை. ஜெனிக்கு அந்தப் பார்வையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாததால் அவள் கூரையைப் பார்க்கிறாள்.

இந்த முறை நான்தான் அவளைக் கூப்பிட்டேன். "நவமி அன்னைக்கு லீவுதானட்டி? என்கூட வா. சர் மேடையில என் மாங்கனீசப் பத்திப் பேசப் போறாரு."

"அம்மா, சச்சி? நிஜமாவா? ஃபைனலி?" என்றாள். "வரேன், வரேன்."

எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. அதோடு, அவள் ஒரு முறையாவது கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. காஞ்சிபுரம் பட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி முதல் நாளே கொண்டையூசிகூட எடுத்துவைத்தேன்.

5

விழா நன்றாகத்தான் நடந்தது. புது உலை பளபளவென்று நின்றது. ஜெண்டுப் பூவில் தோரணம், தரையில் ரங்கோலி. பழைய மாணவர்கள் பலர் வந்திருந்தார்கள். பிரசாந்த் மும்பையிலிருந்து வந்திருந்தான். அந்தக் காலத்தில் என் உலையில் வேலை கற்றுக்கொண்டவன், இப்போது பேராசிரியர், தலையில் பாதி நரை. கண்ணாடிக் குழாய் ஊதித் தரும் ஷிண்டே காகா, எங்கள் எல்லோருக்கும் சித்தப்பா மாதிரி, ஓய்வு பெற்றுவிட்டாலும் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நானும் ஜெனியும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தோம்.

சருக்குச் சால்வை போர்த்தினார்கள். தேங்காய் கொடுத்தார்கள். தலையில் புனேரிப் பகடி என்கிற தலைப்பாகையை வைத்தார்கள், அது அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது. அவர் மைக்கைப் பிடித்து மராட்டியில் பேச ஆரம்பித்தார். பழைய கட்டிடம், பழைய பற்றாக்குறை, பழைய சாய்வாலா எல்லாம் வந்தது. நான் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தேன். 

"இப்போது நம் செல்வராணியின் மாங்கனீசுக்கு வருகிறேன்" என்றார்.

ஜெனி என் முழங்கையைத் தொட்டாள்.

"எங்கோ தெற்கே இருந்து வந்த பெண். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. ஒவ்வொரு நவமிக்கும் உலையைத் தேய்த்துக் கழுவி, முதல் குங்குமம் அவள்தான் வைப்பாள். அந்த வருடம் அவள் வைத்த குங்குமத்தின் பலன், உலகத்தில் யாரும் பார்க்காததை நம் உலை நமக்குக் காட்டியது. நாங்கள் அதை வேடிக்கையாகக் குங்குமம் எஃபெக்ட் என்போம். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் அதையே கண்டுபிடித்தார்கள். அவர்களிடம் பெரிய கருவிகள் இருந்தன. நம்மிடம் ஒரு சாதாரண உலையும் செல்வராணியின் சிரத்தையும் இருந்தன. கருவி பெரிதில்லை, பிள்ளைகளே. சிரத்தைதான் பெரிது."

கைதட்டல் வந்தது. ஷிண்டே காகா திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜெனி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. எத்தனையோ வருடமாக நான் காத்திருந்த வாக்கியம் அந்தப் பேச்சில் இல்லை. அழுக்கு என்று சொன்னது இல்லை, அளக்கவிடாதது இல்லை, நான் சொன்னது சரி என்பதும் இல்லை. நான் கண்டுபிடித்ததை என் கையிலிருந்து எடுத்து, நான் தொடவே தொடாத ஒரு சிமிழ்க் குங்குமத்தின் கையில் கொடுத்துவிட்டார். முதலில் அந்தக் குங்குமத்தைச் சொல்லி என்னை மட்டம் தட்டினார். இப்போது அதையே சொல்லிப் பாராட்டுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அதை மனதார நம்பினார். குரல்கூடத் தழுதழுத்தது.

"புது உலைக்கும் முதல் குங்குமம் அந்தக் கையாலேயே" என்றார் சர். ஓர் ஆராய்ச்சி மாணவி தட்டோடு என்னிடம் வந்தாள். மஞ்சள், குங்குமம், அட்சதை, ஒரு சின்ன விளக்கு.

"மேடம், தும்ஹீச் லாவா" என்றாள். நீங்களே வையுங்கள் என்று. நல்ல பெண், சிரித்த முகம்.

நான் எழுந்து உலை வரைக்கும் போனேன். தட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. கதவோரம் நிற்கிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு, உள்ளே இருப்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருக்கும் வரைக்கும். என் மராட்டி கடைத்தெரு மராட்டி. இருப்பதைக் கூட்டிச் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சர், நான் என்றைக்குமே குங்குமம் வைத்ததில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். அந்த வருடமும் நான் வைக்கவில்லை. உலைக்குள் குங்குமமும் போகவில்லை, அழுக்கும் போகவில்லை. அது மாங்கனீசு."

  சொல்லிவிட்டோம் என்று இருந்தது. சர் பகடியைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வியப்பு. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது வரும் என்று நினைத்தேன்.

"அரே" என்றார், "மக் குங்கூ கோணி லாவ்லம்?"

அப்படியானால் குங்குமம் வைத்தது யார்?

"மீ, சர்" என்று பிரசாந்த் கையைத் தூக்கினான். "நான்தான் வைத்தேன். அந்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலைக் கதவில் ஸ்வஸ்திக் போட்டதே நான்தான்."

"நீ ஸ்வஸ்திக் போட்டாய். முதல் குங்குமம் நான் வைத்தது" என்று ஷிண்டே காகா முன்வரிசையிலிருந்து எழுந்தார். "நீ குளிக்காமல் வந்தாய் என்று உன்னைத் தள்ளி நிற்கச் சொன்னேன், மறந்துவிட்டதா?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சர் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். யாரோ பின்னாலிருந்து, இல்லை, அந்த வருடம் நாங்கள்தான் கடையிலிருந்து வாங்கி வந்தோம் என்றார்கள். அடுத்த கொஞ்ச நேரம் முழுவதும் அந்த விசாரணைதான் நடந்தது. யார் வைத்தது, எந்தக் கடைக் குங்குமம், துளசிபாக் கடைத்தெருவிலா, வேறெங்காவதா? கடைசியில் பிரசாந்தும் காகாவும் சேர்ந்து புது உலைக்குப் பொட்டு வைப்பது என்று முடிவானது. என்னை நடுவில் இழுத்து நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். மாங்கனீசைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைத்தான் நான் அன்றைக்கே கூட்டத்தில் பயந்தேன். இம்மி பிசகாமல் நடந்தது.

கிளம்பும்போது சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கிறிஸ்தவள் என்று எனக்குத் தெரியவே தெரியாதே, செல்வராணி. சொல்லியிருக்கலாமே" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். ஒரு டப்பா பேடா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

6

ஜெனியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பட்டுச் சேலையை ஒரு கையிலும் பேடா டப்பாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டேன். ஸ்வார்கேட் சிக்னலில் வண்டி நின்றது. அங்கே நின்றால் ஒரு குடும்ப விவகாரத்தையே பேசி முடித்துவிடலாம்.

"அம்மா, நீ ஏன் மூஞ்சிய அப்டி வச்சிருந்த?" என்றாள் திரும்பாமல். "சர் எவ்ளோ நல்லா பேசினார். மத்லப், எல்லாரும் உனக்கு கிளாப் பண்ணாங்க."

"அவரு என்ன பேசினாருன்னு வெளங்கிச்சாட்டி ஒனக்கு?"

"உன்னவிட எனக்கு மராட்டி நல்லா தெரியும்மா."

"நாம என்னைக்குட்டி குங்குமம் வச்சோம்?"

"அதுல என்ன இருக்கு? அவருக்குத் தெரியாது. ரெஸ்பெக்ட்டாதானே சொன்னார்." கொஞ்சம் கழித்து, "அச்சா, அப்போ ஆக்சுவலா என்னதான் ஆச்சு?" என்றாள்.

நினைவு தெரிந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வருகிறவள், அன்றைக்குத்தான் என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பஸ்களின் ஹாரனுக்கு நடுவே, முழுக் கதையையும் சொன்னேன். ஆயிரத்துக்கு இரண்டு. பக்கத்தில் வைத்த மாதிரி சாகவில்லை. ஹீலியம் தரவில்லை. பிறகு அந்தக் கட்டுரை. அவளுக்குத் தமிழில் புரியாத இடங்களில் ஆங்கிலத்தில் சொன்னேன், ஆங்கிலத்தில் கோபம் வராத இடங்களில் மறுபடி தமிழுக்கு வந்தேன். சிக்னல் இரண்டு முறை மாறியது, வண்டிகள் நகரவில்லை. அவள் கவனமாகத்தான் கேட்டாள்.

"சோ, நீ கரெக்ட்டு" என்றாள்.

"ஆமா."

"அந்த ஃபாரின் பேப்பர் வந்தப்பவே தெரிஞ்சுடுச்சு, நீ கரெக்ட்டுன்னு."

"ஆமாட்டி."

"அப்புறம் என்னம்மா? ஹோ கயா."

முடிந்தது என்கிறாள். அவளுக்கு முடிந்துவிட்டது. சரியான விடை வெளியே வந்துவிட்டது, அதை யார் கொண்டுவந்தால் என்ன என்று நினைக்கிறாள். உலகத்துக்கும் அப்படித்தான் முடிந்துவிட்டது. இன்று எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் மாங்கனீசு அந்த மீக்கடத்தியைக் கொல்லும் என்று ஒரு வரி இருக்கும், அது சரியான வரிதான். எனக்குத்தான் முடியவில்லை.  வீட்டுக்கு வந்ததும் அவள் பேடாவைப் பிரித்துத் தின்றாள், நன்றாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, பிரசாந்தும் காகாவும் போட்டிபோட்டு அப்பிய குங்குமத்தை உலைக் கதவிலிருந்து துடைத்தேன். புது வண்ணப்பூச்சில் லேசாகச் சிவப்பு தங்கிவிட்டது, அது போகாது. முதல் மாதிரியை ஏற்றினேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த அரங்கில் இருந்தவர்களில் ஒருவராலும் இதைப் படிக்க முடியாது. சருக்குப் போகாது, பிரசாந்துக்குப் போகாது. ஜெனி தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டிவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்பாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னது எடுபடவில்லை. அதனால் ஆயிரம் மைல் தள்ளி, மீக்கடத்தியைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத உங்களிடம் சொல்லிவைக்கிறேன். அக்கா, உனக்கும் சேர்த்துத்தான், குக்கரை அணைத்துவிட்டுப் படி. அந்த வருடம் யார் குங்குமம் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் நான் துடைத்தேன். அந்த உலை சுத்தமாக இருந்தது.